சம்புராடோ கட்டி தட்டுகிறதா? மாவை மாற்றுங்கள்

கேள்வி: மெக்சிகோவில் குடிக்கும் சாக்லேட் கஞ்சியான சம்புராடோவைக் கடையில் வாங்கிய மக்காச்சோள மாவில் செய்தேன். கட்டி தட்டியது, எவ்வளவு கொதித்தும் பச்சை வாசனை போகவில்லை, அடியில் மணல் மாதிரி தங்கியது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை இல்லை. மாவுதான் வேறு. அங்கே மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவிய பிறகே அரைக்கிறார்கள். இப்படிப் பக்குவப்படுத்திய மக்காச்சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு தானியத்தின் தோலை இளக்குகிறது. மாவு நீரோடு இழைகிறது. அந்தத் தனி மணமும் இதில்தான் வருகிறது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேரும்படி விடுபடுகிறது. இப்படி அரைத்து உலர்த்திய மாவு 'மாசா அரினா' என்ற பெயரில் கிடைக்கும். அதை வாங்குங்கள்.

கிடைக்கவில்லையா? உலர்ந்த மக்காச்சோளம் 1 கிலோவுக்கு உணவுத் தர நீற்றிய சுண்ணாம்புத் தூள் (கால்சியம் ஹைட்ராக்சைடு) 10 கிராம் போதும். முக்கால் மணி நேரம் வேகவைத்து, இரவு ஊறவிட்டு, பலமுறை அலசி, கிரைண்டரில் நைசாக அரையுங்கள். ஸ்வீட் கார்ன் இதற்கு ஆகாது. வெள்ளை கார்ன்ஃப்ளார் போடலாமா என்றால், போடலாம். மெக்சிகோவிலேயே அவசரத்துக்கு அப்படிச் செய்கிறவர்கள் நிறைய. வழுவழுப்பாக வரும், சோள மணம் மட்டும் இருக்காது. எனக்கு அது பிடிப்பதில்லை.

சரி, செய்முறை. நாலு பேருக்கு அரை கப் மாசா அரினா. அதை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். சூடான நீரில் மாவைத் தூவினால் கட்டி தட்டத்தான் செய்யும். இன்னொரு கப் தண்ணீரில் 100 கிராம் வெல்லமும் ஒரு துண்டு பட்டையும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். அங்கே போடுவது பிலோன்சியோ என்ற கரும்பு வெல்லம்; நம்முடையது தாராளமாக ஈடுகட்டும். பட்டை மெல்லிய இலங்கைப் பட்டையாக இருக்கட்டும், மெக்சிகோக்காரர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். வெல்லப்பாகை வடிகட்டி, மாவுக் கரைசலை ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் பத்து நிமிடம் கிளறுங்கள். அப்புறம் காய்ச்சிய பால் இரண்டு கப், இனிப்புக் குறைந்த சாக்லேட் 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பாலைக் கடைசியில் சேர்த்தால் வெல்லத்தால் திரியும் வாய்ப்பு குறையும். மோலினியோ என்ற மரக்கடைகோலால் நுரை வரக் கடைவார்கள். நம் மத்தே போதும். கரண்டியில் மெல்லிய படலமாக ஒட்டும்போது இறக்குங்கள்.

சாக்லேட் சேர்க்காமல் செய்தால் அது அதோலே. ஸ்பானியர் வருமுன் அங்கே கறவை மாடே இல்லை; அங்கே வாழ்ந்த அஸ்டெக் மக்கள் வெறும் தண்ணீரில் காய்ச்சி, தேனோ மிளகாயோ கலந்து குடித்தார்கள். அதனால் பால் வேண்டாம் என்பவர்கள் தயங்காமல் தண்ணீரிலேயே செய்யலாம். இன்றும் காலையில் தெருவோரம் தமால் (இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த மக்காச்சோள மாவுப் பண்டம்) வாங்குகிறவர்கள் கூடவே ஒரு குவளை அதோலே வாங்குவார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டியில் யார் துண்டில் குட்டிப் பொம்மை அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் விருந்து வைக்க வேண்டும். அன்றைக்கும் துணைக்கு இதுதான்.

ஆறினால் இறுகிவிடும். மறுபடி சூடாக்கும்போது கொஞ்சம் பாலோ தண்ணீரோ விட்டுக் கடையுங்கள்.