யுரேனியம் பெருகினால் அணு உலைகள் பெருகுமா?

கேள்வி: உலகில் யுரேனியச் சுரங்க உற்பத்தி மீண்டும் ஏறிவருவதாகச் செய்திகள் வருகின்றன. அணுமின்சாரத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: உற்பத்தி ஏறுவது உண்மைதான். ஆனால் இறங்கி வந்த படிகளிலேயே அது திரும்ப ஏறிக்கொண்டிருக்கிறது. 2016-இல் உலகச் சுரங்கங்கள் சுமார் 63,000 டன் யுரேனியம் தந்தன. 2020-இல் அந்த அளவு 48,000 டன்னுக்கும் கீழே போயிற்று. 2024-இல்தான் மறுபடியும் 60,000 டன்னை எட்டியது. உலகெங்கும் ஓடும் ஏறத்தாழ 440 உலைகளுக்கு ஆண்டொன்றுக்கு 65,000 டன்னுக்கும் மேல் தேவைப்படுவதால், இந்த ஏற்றத்துக்குப் பிறகும் ஒரு பகுதி பழைய கையிருப்பிலிருந்தே வந்தாக வேண்டியிருக்கிறது.

இடையில் ஏன் இறங்கியது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். 2007-இல் ஒரு பவுண்டு யுரேனிய ஆக்சைடின் விலை 135 டாலரைத் தாண்டியிருந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்து, ஜப்பான் தன் உலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியபின், வாங்க ஆளில்லாமல் 2016 இறுதியில் அது 20 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த விலைக்குத் தோண்டுவதைவிடத் தோண்டாமல் இருப்பதே லாபம் என்று கருதி, உலகின் மிக வளமான சுரங்கங்களில் ஒன்றான கனடாவின் மெக்கார்தர் ரிவர் 2018-இல் மூடப்பட்டது. கஜகஸ்தானும் உற்பத்தியைக் குறைத்தது. விலை தேறிய பிறகு, 2022 இறுதியில் கனடாச் சுரங்கம் மறுபடி திறந்தது. 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050-க்குள் அணுமின் திறனை மூன்று மடங்காக்கப் பாடுபடுவதாக அறிவித்தன. அடுத்த மாதமே விலை 100 டாலரைத் தாண்டியது. ஆகவே சுரங்கத்தைப் பார்த்து உலைகளின் எதிர்காலத்தைக் கணிப்பது, கொள்ளு விளைச்சலைப் பார்த்துக் குதிரைகளின் எண்ணிக்கையைச் சொல்வது போலாகும்.

குதிரையின் விலைதான் இங்கே சிக்கல். பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2005-இல் கட்டத் தொடங்கி 2023-இல்தான் முறையான உற்பத்திக்கு வந்தது. பிரான்சின் ஃபிளமான்வில் உலை 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில் மின் தொகுப்பில் இணைந்தது. அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் கூடுதலாகக் கட்டிய இரண்டு உலைகளுக்கு 3,000 கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று. இதன் எதிரில் யுரேனியத்தின் விலை சிறிது. அது இரட்டிப்பானாலும் அணுமின்சாரத்தின் அடக்கவிலை சுமார் பத்து சதவீதமே உயரும். அதே சமயம், கொரியர்கள் அமீரகத்தின் பராக்காவில் கட்டிய நான்கு உலைகளும் 2020-க்கும் 2024-க்கும் இடையில் வரிசையாக ஓடத் தொடங்கிவிட்டன. ஒரே வடிவ உலையைக் கைவிடாமல் தொடர்ந்து கட்டிவரும் நாடுகளுக்கு வேலை வசப்படுகிறது. இருபது ஆண்டு ஓய்வுக்குப்பின் கட்ட வருபவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதே நம் கணிப்பு.

கேள்வி: உலக யுரேனியத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கஜகஸ்தான் ஒன்றே தருகிறதாமே! அவ்வளவு பெரிய சுரங்கங்களா அங்கே உள்ளன?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அங்கே போனால் நீங்கள் சுரங்கத்தைத் தேடிக்கொண்டுதான் இருப்பீர்கள். குழியும் இல்லை, குகையும் இல்லை. நாட்டின் தெற்கே விரிந்த புல்வெளியில், நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளைப் போல மெல்லிய குழாய்த் தலைகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், இரண்டு களிமண் அடுக்குகளுக்கு இடையே உள்ள மணல் அடுக்கில் யுரேனியம் படிந்திருக்கிறது. ஒரு குழாய் வழியாக நீர்த்த கந்தக அமிலத்தை உள்ளே செலுத்துகிறார்கள். அது மணலுக்குள் மெல்ல ஊறி யுரேனியத்தைக் கரைத்துக்கொள்ள, பக்கத்துக் குழாய் வழியாக அந்தக் கரைசலை மேலே இறைக்கிறார்கள். ஆலையில் சிறு மணிகளைப் போன்ற ரெசின் அந்த யுரேனியத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அதைப் பிரித்து, வீழ்படிவாக்கி, உலர்த்தினால் மஞ்சள் நிறத்தில் யுரேனியத் தூள் கிடைக்கிறது. பீப்பாய்களில் அடைத்து அனுப்புவது இதைத்தான்.

செலவு மிகக் குறைவு. கஜகஸ்தான் முதலிடத்துக்கு வந்த ரகசியம் இதுவே. ஆனால் நிலத்தைக் கீறவில்லை என்பதால் தீங்கே இல்லை என்ற வாதத்தை அப்படியே ஏற்க இயலாது. அமிலம் ஏறிய நிலத்தடி நீர் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் பிடிக்கும். அமிலமே இந்த முறையின் பலவீனமும் ஆகும்: 2024-இல் கந்தக அமிலத் தட்டுப்பாட்டால் அந்த நாடு தன் உற்பத்தி இலக்கைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

இன்னொரு வேடிக்கை, இவ்வளவு யுரேனியம் தரும் நாட்டில் அணுமின் நிலையம் ஒன்றுகூட ஓடவில்லை. காஸ்பியன் கரையில் அக்தாவு நகரில் இருந்த ஒரே உலை 1999-இல் மூடப்பட்டது. வேடிக்கை என்று எழுதினாலும் அதன் பின்னால் ஒரு துயரம் உண்டு. சோவியத் காலத்தில் செமிபலாட்டின்ஸ்க் சோதனைக் களத்தில் நானூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த மண் அது. அணு என்ற சொல்லே அங்குள்ள குடும்பங்களுக்கு வேறு பொருள் தரும். 2024 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 71 சதவீதத்தினர் புதிய நிலையத்துக்குச் சம்மதம் தெரிவித்தனர்.

கேள்வி: சுரங்க உற்பத்தி கூடினால் கூடங்குளத்துக்கு எரிபொருள் எளிதாகக் கிடைக்குமா?
(ஒரு வாசகர், வள்ளியூர்)

பதில்: கூடங்குளத்துக்கு வருவது அந்த மஞ்சள் நிற யுரேனியத் தூள் அன்று, ரஷ்யாவில் முழுவதுமாகத் தயாரித்த எரிபொருள் கட்டுகள். இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கூடங்குள வகை உலைக்கு அதைச் சுமார் நான்கு சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். இந்தச் செறிவூட்டும் வேலையில் உலகத் திறனில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிடம் இருக்கிறது. ரஷ்யச் செறிவூட்டிய யுரேனியத்தின் இறக்குமதிக்கு 2024-இல் தடை விதித்த அமெரிக்காவே, வேறு வழியில்லாத நிலையங்களுக்கு 2027 வரை விலக்கு வைத்துத்தான் சட்டம் இயற்ற முடிந்தது. தூள் எவ்வளவு குவிந்தாலும் இந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். கல்பாக்கத்தில் உள்ள கனநீர் உலைகளின் நிலை வேறு. அவை செறிவூட்டாத யுரேனியத்திலேயே ஓடும்படி அமைந்தவை.

கேள்வி: நம் நாட்டிலேயே யுரேனியம் இருக்கும்போது ஏன் வாங்க வேண்டும்?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: இருக்கிறது, ஆனால் மிக மெலிந்த தாது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் நூறு கிலோ பாறையில் பத்துக் கிலோவுக்கும் மேல் யுரேனியம் தேறும். 1967 முதல் தோண்டிவரும் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் அதே நூறு கிலோவில் நூறு கிராம்கூடத் தேறாது. 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எரிபொருள் போதாமல் நம் உலைகள் பாதித் திறனில் ஓடின. அந்த ஆண்டு செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு தன் வணிகத் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு அளித்த பிறகே கஜகஸ்தான், கனடா ஆகிய நாடுகளிலிருந்து யுரேனியம் வரத் தொடங்கியது.

இப்போது சுமார் 9,000 மெகாவாட் அளவில் உள்ள திறனை 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட்டாக்குவது அரசின் இலக்கு. ஆயிரம் மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 150 முதல் 200 டன் இயற்கை யுரேனியம் என்று வைத்தால், குறைந்தது 15,000 டன் வேண்டும். கனடா 2024-இல் நாடு முழுவதும் தோண்டியதே சுமார் 14,000 டன்தான். எரிந்த எரிபொருளிலிருந்து புது எரிபொருளை ஈனும் என்ற நம்பிக்கையில், 2004-இல் கல்பாக்கத்தில் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் வேக ஈனுலையை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை இழுத்துக்கொண்டு போன பிறகும் அணுசக்தித் துறை கைவிடாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.