ஸ்பெர்ம் கவுண்ட் நார்மல். அப்புறமும் ஜீன் டெஸ்ட் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது, மனைவிக்கு 29. வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். மாமா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். நாலு வருடமாகக் குழந்தை இல்லை. அவளுக்கு எல்லா டெஸ்டும் நார்மல், என் ஸ்பெர்ம் கவுண்ட்டும் நார்மல். காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர். ஒரு லேபில் பெரிய ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படியா?

பதில்: முதலில் சொந்தத்தில் கட்டிய விஷயத்துக்கு வருவோம். நீங்கள் யாரைக் கட்டினாலும் உங்கள் விந்தணு மாறப்போவதில்லை. அதன் மரபணு உங்கள் அப்பா அம்மா கொடுத்தது. ஆகவே கேட்க வேண்டியது, அவர்கள் இருவரும் சொந்தமா என்பதுதான். விந்தணுவைப் பாதிக்கும் சில கோளாறுகள், ஒரே பழுதான மரபணு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால்தான் வெளிப்படும். பெற்றோர் சொந்தம் என்றால் அதற்கு வாய்ப்பு கூடுதல். கூடப்பிறந்த ஆண்களுக்கும் குழந்தை இல்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் திருமண உறவு முக்கியமாவது பிறக்கப்போகும் குழந்தையின் விஷயத்தில். அதற்கு ஒருமுறை மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

சரி, டெஸ்டுக்கு வருவோம். வழக்கமாகக் கேட்பது இரண்டு: குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப்பிங், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். விந்தணுவே இல்லாதபோதும், மில்லிக்கு 50 லட்சத்துக்கும் கீழே இருக்கும்போதும்தான் இவற்றால் பெரிய பலன். கவுண்ட் நார்மலாக இருப்பவரிடம் இவை எதையும் காட்டுவது அபூர்வம். கரு மீண்டும் மீண்டும் கலைந்திருந்தால் மட்டும் கணவன் மனைவி இருவருக்கும் கேரியோடைப்பிங் பார்ப்போம்.

அந்த 'நார்மலை'யும் ஒருமுறை உரசிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி, அசைவு 42 சதவீதம். எல்லைக்கு மேலே இருந்தால் குழந்தை நிச்சயம் என்று அர்த்தமில்லை. வீட்டில் எடுத்த டப்பாவோடு பாடி மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நின்றிருந்தால் அசைவுக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் பார்த்தாக வேண்டும். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் ரிப்போர்ட் மாறும். இன்னொரு முறை, லேபிலேயே கொடுங்கள்.

மரபணுக் காரணம் ஒளிந்திருக்கவே முடியாதா? முடியும். கேட்ஸ்பெர் என்ற, கால்சியம் உள்ளே நுழையும் பாதை வேலை செய்யாத விந்தணு மைக்ராஸ்கோப்பில் நன்றாகவே நீந்தும். முட்டையருகே வால் வேகமாகச் சொடுக்க வேண்டிய நேரத்தில் சொடுக்காது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மைய ஆய்வாளர்களும் 2022-இல் ஆண் மலட்டுத்தன்மையோடு தொடர்புடைய 8 மரபணுக்களை அறிவித்தார்கள். ஆனால் அது ஆராய்ச்சி. கேட்ஸ்பெர் கோளாறு என்று தெரிந்தாலும் சிகிச்சை இக்சிதான், அதாவது விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்துவது. காரணம் தெரியாமலே சிகிச்சையில் போகும் தம்பதியும், மற்றவை பலிக்காவிட்டால், கடைசியில் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

என் கருத்து, இப்போதைக்கு அந்தப் பெரிய டெஸ்ட் வேண்டாம். பணத்தை சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இக்சி செய்தும் முட்டைகள் கருவுறவே இல்லை என்றால் நிலைமை வேறு. முட்டையைத் தூண்டும் பிஎல்சிஇசட்1 போன்ற மரபணுக்களை அப்போது பார்க்கலாம். அப்போதும் பணம் கட்டுமுன் லேபில் ஒன்று கேளுங்கள்: 'அர்த்தம் உறுதியில்லாத மாற்றம்' (மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா என்று தெரியவில்லை) என்று முடிவு வந்தால் எங்களோடு உட்கார்ந்து விளக்கப்போவது யார்?