முதலில் மழையைக் கேளுங்கள்: வெப்பமண்டலக் கற்பனை நாடு, கேள்வி பதில்

பலர் சேர்ந்து வரையும் நம் கற்பனை உலக வரைபடத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிய தெற்குக் கண்டம் இப்போது புதியவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு நாடு. நிலம், மழை, ஆறு பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். ரயில், கொடி, சட்டம் எல்லாம் என் பாடம் இல்லை.

கடலோடி: அக்கா, கடற்கரையை முடித்துவிட்டேன். அடுத்து தலைநகரா, நெடுஞ்சாலையா?

இரண்டும் இல்லை. காற்று. உங்கள் நாடு தெற்கு 12 பாகையில் இருக்கிறது. நடுவே வடக்குத் தெற்காக 2,000 மீட்டர் மலை. அந்த அட்சத்தில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும். கடல் ஈரத்தோடு வரும் காற்று கிழக்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். மேற்கே இறங்கும்போது அது காய்ந்த காற்று. ஹவாயின் கவாய் தீவில் வையாலியாலி மலை உலகிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே தீவின் மேற்குக் கரை வறண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. மேற்குக் கரையை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டம் ஓடினால் இன்னும் வறளும். பெருவின் தலைநகர் லிமாவும் தெற்கு 12 பாகைதான், கடலோரம்தான். மழை என்று சொல்லும்படி அங்கே எதுவும் பெய்வதில்லை.

இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கிழக்கே நெருக்கமாகக் குட்டை ஆறுகள், கிலோமீட்டருக்கு ஒரு பாலம், சரிவெல்லாம் காடு. மேற்கே ஆறுகள் குறைவு. மணல் அகலமாக விரிந்து கிடக்கும், தண்ணீர் சில மாதம்தான். அங்கே உங்கள் மக்கள் நெல் விதைப்பவர்கள் என்றால் மழைநீரைத் தேக்கியாக வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் இதற்குக் கண்ட வழி ஏரிதான். அதை வட்டமாக வரையாதீர்கள். கரை பிறை நிலாவாக வளையும். வளைவுக்கு உள்ளே, மேட்டுப் பக்கம் தண்ணீர். வெளியே, பள்ளத்துப் பக்கம் மதகு. மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்கால் பிரியப் பிரிய வயல். கரை மேலேயே வண்டிப்பாதை போகும். ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேற விட்ட கலங்கலில் வழிகிற தண்ணீர் கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். இப்படி ஏழெட்டு ஏரியைச் சங்கிலியாக வரைந்து பாருங்கள், ஊர்களை எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

இடிமுழக்கம்: என் நாடு வடக்கு 2 பாகைக்கும் தெற்கு 3 பாகைக்கும் இடையில். பெரும்புயலில் பழைய தலைநகர் அழிந்தது என்று வரலாறு எழுதியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. புயல் சுழல கொரியாலிஸ் விசை வேண்டும், அதாவது பூமி சுழல்வதால் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் விசை. நிலநடுக்கோட்டில் அது பூஜ்யம். அதனால் இரு பக்கமும் ஏறத்தாழ 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே, வடக்கு 1.5 பாகையை ஒட்டி உருவான வாமெய் புயலை இன்றும் விதிவிலக்காகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் கதை நல்ல கதை, விட்டுவிடாதீர்கள். வடக்கே 17 பாகையில் காலியிடம் இருக்கிறது, அங்கே மாறிக்கொள்ளுங்கள். பெலீஸ் நாட்டில் இது உண்மையிலேயே நடந்தது. 1961 அக்டோபர் கடைசியில் ஹாட்டி புயல் கடலோரத் தலைநகரான பெலீஸ் சிட்டியைச் சிதைத்தது. 1970இல் உள்நாட்டில் பெல்மோபான் என்ற புதுத் தலைநகருக்கு அரசு குடிபோனது. மக்கள் எல்லோரும் கூடவே போய்விடவில்லை. பெரிய நகரம் இன்றும் பழைய பெலீஸ் சிட்டிதான். உங்கள் வரைபடத்திலும் பழைய துறைமுகத்தைப் பெரிதாகவும் புதுத் தலைநகரைச் சிறிதாகவும் வையுங்கள்.

பனித்துளி: கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் நான்கையும் வைக்கலாமா?

கூடாது. குளிர் வேண்டுமென்றால் உயரத்துக்குப் போங்கள். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே 2,850 மீட்டரில் இருக்கும் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் வருடம் முழுக்க ஸ்வெட்டர் வேண்டும்.

மலைநாடன்: என் பெரிய ஆறு 1,400 மீட்டர் உயரத்தில் மூன்றாகப் பிரிந்து மூன்று கடலுக்குப் போகிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

பார்த்தேன். அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். ஆறுகள் சேரும், பிரியாது. மலையில் தண்ணீருக்கு எப்போதும் ஒரு பள்ளம்தான் மிக ஆழம். அதுவே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

மலைநாடன்: காவிரி பிரிகிறதே அக்கா? முக்கொம்பில் கொள்ளிடம் தனியாகப் போகவில்லையா?

நல்ல கேள்வி, நிதானமாகச் சொல்கிறேன். முக்கொம்பு சமவெளி, டெல்டாவின் வாசல். சரிவு அற்றுப்போன இடத்தில் ஆறு தன் வண்டலைத் தானே இறக்கி, தன் வழியைத் தானே மேடாக்கிக்கொண்டு பக்கத்தில் புது வழி தேடும். டெல்டாவில் பிரிவது இயல்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் என்ன ஆயிற்று பாருங்கள். கொள்ளிடம் தாழ்ந்த படுகை. விட்டால் தண்ணீரெல்லாம் அதில் போய்விடும், காவிரி வாய் மணல் மூடும். அதைத் தடுக்கத்தான் கீழே கல்லணை, அதைத் தடுக்கத்தான் 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். இரண்டாயிரம் வருடக் காவல் அது. உங்கள் மலையில் காவலுக்கு யார் இருக்கிறார்கள்?

தூரதேசி: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். வெனிசுவேலாவின் காசிகியாரே? அது டெல்டா இல்லையே.

இதைத்தான் எதிர்பார்த்தேன், மகிழ்ச்சி. ஓரினோகோவிலிருந்து பிரிந்து ரியோ நீக்ரோ வழியாக அமேசானில் சேர்கிற ஆறு; ஜெர்மன் ஆய்வுப் பயணி ஹம்போல்ட் 1800இல் படகில் போய்ப் பார்த்து உலகுக்கு உறுதிசெய்தார். இரண்டு பெரும் ஆற்றுப் படுகைகளை இயற்கையாகவே இணைக்கிறது. ஆனால் அது ஓடும் இடமும் ஏறக்குறைய தட்டையான காடுதான், மலைமுகடு இல்லை. முழு உலகத்திலும் இதற்கு இணையாகச் சொல்ல இன்னொரு பெரிய ஆறு கிடைப்பது கஷ்டம். நம் கண்டத்துக்கும் ஒன்று போதும். அதை யாருக்குக் கொடுப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

வெண்கொடி: கற்பனை உலகம்தானே அக்கா, ஆறு எப்படி ஓடினால் என்ன?

உங்கள் நாட்டில் மட்டும் ஓடினால் நானும் விட்டுவிடுவேன். மலைநாடனின் மூன்றாவது கிளை எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குள் போகிறது. அங்கே வரைபவர் நான்கு மாதம் உட்கார்ந்து சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அந்த இடத்தில் ஒரு முகடு வைத்திருக்கிறார். ஆறு அந்த முகட்டின் மேல் ஏறி இறங்குகிறது. என் முதல் நாட்டில் நானும் இதையே செய்தேன். பக்கத்து நாட்டுக்காரர் தன் பள்ளத்தாக்கையே அழித்து எனக்கு இடம் கொடுத்தார், அவருக்கு மனசு கேட்கவில்லை. அதன் பிறகு அவர் வரைய வரவேயில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

பெருநகரன்: என் நாட்டில் 12 கோடிப் பேர். ஒரு பாகைக்கு ஒன்றரைப் பாகை அளவு. நகரம் எவ்வளவு பெரிதாக?

ஒரு பாகை 111 கிலோமீட்டர். உங்கள் நாடு மொத்தம் 18,500 சதுர கிலோமீட்டருக்குள்தான். சதுர கிலோமீட்டருக்கு 6,500 பேர் வருகிறது. வங்கதேசமே ஆயிரத்துச் சொச்சம்தான், அதுவும் அவ்வளவு வளமான டெல்டா மண்ணில். இரண்டு கோடிக்கு மேல் வேண்டாம்.

நீலவானம்: ஆற்று முகத்துக்கு நேரே பவளப்பாறை போட்டிருக்கிறேன்.

வண்டல் கலங்கிய நீரில் பவளம் வளராது, நன்னீரும் ஆகாது. ஆற்று முகத்தில் அலையாத்திக் காடு, பாறையை இருபுறமும் தள்ளி வையுங்கள்.

இரும்புப்பாதை: மலை ரயிலுக்கு எவ்வளவு ஏற்றம்?

ரயில் குழுவிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நேராக ஏற்றாதீர்கள். இலங்கையின் தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வந்து, தன் ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைகிறது.

செந்தாழை: ஊர்ப் பெயர்கள்?

ஒரே நாளில் நூறு பெயர் வைக்காதீர்கள். ஆற்றின் பெயர்தான் பெரும்பாலும் மிகப் பழையது, ஆண்டவர்கள் மாற்றுவது துறைமுகத்தின் பெயரை. ஜகார்த்தா 1619 முதல் 1942 வரை பத்தாவியா. ஆறுகளுக்கு ஒரு மொழி, துறைமுகத்தின் பழைய தெருக்களுக்கு இன்னொரு மொழி வையுங்கள்.

சோலைக்குயில்: என் ஆறு மலையில் இரண்டாகப் பிரிகிறது...

மேலே மலைநாடனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெருநகரன்: 10 கோடி?

இரண்டு.

புதுவரவு: நிஜ உலகின் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உண்மையான ஒரு தீவின் கரையை எடுத்துத் திருப்பிப் போடலாமா?

கூடாது. திருப்பினாலும் தெரியும், உரிமப் பிரச்சினையும் வரும். கையால் வரையுங்கள், முதல் கரை கோணல்மாணலாகத்தான் வரும், பரவாயில்லை.

மலைநாடன்: அழித்து வரைந்துவிட்டேன் அக்கா. இப்போது ஒரே ஆறு, கடலுக்கு 60 கிலோமீட்டர் முன்னால் இரண்டாகப் பிரிகிறது.

பார்த்தேன் தம்பி, நன்றாக வந்திருக்கிறது. பிரியும் இடத்தில் சம உயரக் கோடுகளை 20 மீட்டருக்கு ஒன்றாக விடாமல் 2 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டு அனுப்புங்கள். எந்தக் கிளை தாழ்வு என்று தெரிந்தால், அணையை எந்தக் கிளையின் வாயில் கட்டுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.