கியர்பாக்ஸை இறக்க எந்த ஜாக் வாங்குவது?

கேள்வி: என்னிடம் 2001ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5 மெனுவல் கார் இருக்கிறது. பாலிக் புலாவ் ஏற்றத்தில் என்ஜின் இரைகிறதே தவிர வேகம் ஏறவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டதாம். வீட்டுப் போர்ச்சிலேயே கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச்சை மாற்றலாம் என்றிருக்கிறேன். கையில் இருப்பது சக்கரம் வைத்த சிறிய 2 டன் ட்ராலி ஜாக் மட்டும். நண்பர் என்ஜின் கிரேன் வாங்கச் சொல்கிறார். கடைக்காரர் உயரமான கியர்பாக்ஸ் ஜாக்கைக் காட்டுகிறார். மாமாவோ போர்ச் உத்தரத்தில் செயின் பிளாக் (சங்கிலியால் தூக்கும் கப்பி) மாட்டிக்கொள் என்கிறார். எதை வாங்குவது?
- வாசகர், பிறை, பினாங்கு

பதில்: தம்பி, இந்த மூன்றுமே உங்களுக்கு வேண்டாம்.

எண்ணெயை வடித்துவிட்டால் உங்கள் காரின் கியர்பாக்ஸ் ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். நான்கு பத்துக் கிலோ அரிசிப் பைகளின் கனம்கூட இல்லை. ஆனால் அரிசிப் பை போல அது அடங்கி உட்காராது. அடிப்பக்கம் கோணலானது, கனம் ஒரு பக்கமாகச் சாயும். நீங்களோ அதற்குக் கீழே மல்லாந்து படுத்திருப்பீர்கள். பல வருடங்களுக்கு முன் வெறும் ட்ராலி ஜாக்கின் வட்டத் தட்டில் ஒரு கியர்பாக்ஸை உட்கார வைத்து இறக்கினேன். பாதி வழியில் அது உருண்டது. விரல் நகம் போனதோடு தப்பித்தேன். தலை அங்கே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கடைக்காரர் காட்டிய உயரமான ஜாக், காரைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் உள்ள பட்டறைக்கானது. முழுக்கத் தாழ்த்தினாலும் இடுப்பளவுக்கு நிற்கும். தூக்கிய காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டில் நிற்கும் காருக்கு அடியில் நுழையவே நுழையாது. என்ஜின் கிரேன் நல்ல கருவிதான், ஆனால் என்ஜினையே வெளியே எடுப்பவருக்கு. அதன் கையை நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறையும்; 2 டன் என்று எழுதியிருப்பது கை முழு நீளத்துக்குப் போனதும் அரை டன்னாகிவிடும். செயின் பிளாக் யோசனையை மட்டும் அடியோடு மறந்துவிடுங்கள். தகரக் கூரையின் இரும்புக் குழாய் இதற்குத் தாங்காது. கான்கிரீட் உத்தரமாகவே இருந்தாலும், ஒரே இடத்தில் தொங்கும் சுமையைக் கணக்கிட்டு அதைக் கட்டினார்களா என்று யார் சொல்வது?

வாங்க வேண்டியதில் முதலாவது ஸ்டாண்டு. கார் ஏறக்குறைய ஒரு டன்தானே, 3 டன் ஜோடி போதும் என்று தோன்றும். எடைக்குப் போதும், உயரத்துக்குப் போதாது. 3 டன் ஸ்டாண்டு பெரும்பாலும் 42, 43 செ.மீ. வரைதான் எழும்; 6 டன் ஸ்டாண்டு 60 செ.மீ.யைத் தொடும். கியர்பாக்ஸ் பம்பருக்கு அடியில் வெளியே வர அந்த உயரம் வேண்டும். உங்கள் 2 டன் ஜாக் இந்த உயரத்துக்கு ஏற்றாது, அந்த அளவுக்கு எழும் 3 டன் ட்ராலி ஜாக் ஒன்று தேவைப்படும். போர்ச் தரை டைல்ஸாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். பெரும்பாலான போர்ச் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், ஆகவே பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள்.

இரண்டாவது, என்ஜினை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பியான என்ஜின் சப்போர்ட் பார். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் கியர்பாக்ஸும் என்ஜினைத் தாங்கும் தூண்களில் ஒன்று. அதைக் கழற்றியதும் என்ஜின் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பானட்டைத் திறந்து, இரு பக்கமும் ஃபெண்டருக்கு (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகரம்) உள்விளிம்பில் பாரை வைத்து, என்ஜினின் தூக்கு வளையத்தில் கொக்கியை மாட்டி இறுக்க வேண்டும். ஃபெண்டரின் மேல்தகரத்தில் வைத்தால் நசுங்கும்.

மூன்றாவதுதான் கியர்பாக்ஸுக்கான ஜாக். சாயும் தட்டும் கட்டுப்பட்டையும் உள்ள தாழ்வான தரை ஜாக் கிடைத்தால் சிறப்பு. ஒரே ஒரு கிளட்ச்சுக்காக அவ்வளவு செலவு மனம் ஒப்பவில்லையென்றால், உங்கள் பழைய 2 டன் ஜாக்கின் தட்டைக் கழற்றிவிட்டுப் பொருத்தும் கியர்பாக்ஸ் தாங்கி தனியாக விற்கிறது. அது போதும். பட்டையைக் கட்டாமல் மட்டும் ஒரு அங்குலம்கூட இறக்காதீர்கள்.

சாயும் தட்டு ஏன் என்பது திரும்ப ஏற்றும்போது தெரியும். கியர்பாக்ஸின் தண்டு கிளட்ச் தட்டின் பல்லுக்குள் நேராக நுழைய வேண்டும். கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்: மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்றிருந்தால் தட்டைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். சுற்றிலும் ஒரே அளவானதும், என்ஜின் புல்லியைச் ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினால் பல் பல்லோடு பொருந்தி உள்ளே போகும். போகாவிட்டால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். அலுமினியக் கூடு உடைந்துவிடும். கியர்பாக்ஸின் கனம் தண்டில் தொங்கினாலும் புதுக் கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

ஆட்டோ கியர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு: அது இதைவிட வெகு கனம், கிளட்ச்சுக்குப் பதிலாக அதிலிருக்கும் டார்க் கன்வர்ட்டர் வேறு நழுவி விழும். போர்ச்சில் வேண்டாம்.

காரை ஸ்டாண்டில் ஏற்றியதும் பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால்தான் கீழே போக வேண்டும். ஜாக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். மாமாவை அன்று கூடவே இருக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் விலகி வரும்போது உங்கள் இரு கைகளும் அதன் மேல் இருக்கும்; ஜாக்கை மெல்ல இறக்க வெளியே ஒருவர் வேண்டும்.