ஜாக்கெட் அப்புறம், முதலில் வீடு

தென்காசித் தம்பி ஒருவர் செப்டம்பரில் நான் இருக்கும் ஸ்காட்லாந்து ஊரான பெய்ஸ்லிக்கு முதுகலை படிக்க வருகிறார். வாடகை எவ்வளவு, என்ன ஜாக்கெட் எடுத்துவருவது, பகுதிநேர வேலை கிடைக்குமா, பக்கத்தில் கோயில் உண்டா, ஊர் எப்படி இருக்கும் அக்கா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "தெரிந்த அண்ணன் ஒருவர் மூலமாக அறை பார்த்தாயிற்று, முன்பணம் மட்டும் இந்த வாரம் அனுப்ப வேண்டும்."

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள்.

நான் வந்தது 2003 ஜனவரியில். ஊரில் நர்ஸ் வேலை பார்த்தவர்கள் இங்கே பதிவு பெற வேண்டுமானால் அப்போதெல்லாம் மேற்பார்வையில் சில மாதம் வேலை செய்து காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஓர் ஏஜெண்ட் பணம் வாங்கினார். அப்பாவின் பிராவிடண்ட் பண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. வந்து சேர்ந்தால், வேலை ஒரு முதியோர் இல்லத்தில். தங்குவதற்கு அதன் முதலாளியே ஒரு பழைய கல் கட்டடத்தில் அறை ஏற்பாடு செய்திருந்தார். ஓர் அறையில் மூன்று பேர். வாடகை சம்பளத்திலேயே பிடித்தம். சுவரில் ஒரு மீட்டர். ஒரு பவுண்டு நாணயம் போட்டால்தான் ஹீட்டர் ஓடும். நாணயம் தீர்ந்த இரவுகளில் மூவரும் ஒரே கட்டிலில் படுத்தோம். யூனிபாரத்தை அறைக்குள்ளேயே காயப்போடுவோம். ஒரு மாதத்தில் ஜன்னலுக்கு மேலே கறுப்புப் புள்ளிகள் வந்தன. எங்கள் ஊர் ஆள்கள் பொட்டு ஒட்டிவைத்த கண்ணாடி போல முதலில் நாலைந்து, பிறகு சுவர் முழுக்க. பூசணம். எனக்கு இருமல் மார்ச் வரைக்கும் நிற்கவில்லை. யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியாது.

இன்று உங்களுக்கு அந்த நிலை இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் அரசுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், தென்காசியில் உட்கார்ந்துகொண்டே. முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியதை வீட்டுக்காரர் தன் பையில் வைத்துக்கொள்ளவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில், குடியேறிய 30 வேலை நாள்களுக்குள் கட்டிவிட வேண்டும். வாடகையும் முன்பணமும் தவிர "அட்மின் கட்டணம்", "சாவிக் கட்டணம்" என்று எதைக் கேட்டாலும் அது சட்டவிரோதம். 2017 டிசம்பருக்குப் பிறகு போடும் வாடகை ஒப்பந்தங்களில், நீங்கள் வெளியேற 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். உங்கள் அண்ணனிடம் வீட்டுக்காரரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் அந்த அறையை மறந்துவிடுங்கள். முதல் பத்து நாள் பல்கலைக்கழக விடுதியிலோ வேறெங்கோ தங்கி, நேரில் பார்த்து, சுவரை மோந்து பார்த்து எடுங்கள். ஆமாம், மோந்து பார்த்து. ஈர நாற்றத்தைப் புதுப் பெயிண்ட் ஒரு வாரத்துக்கு மேல் மறைக்காது.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: இந்த அறை வியாபாரத்தில் இருக்கிற பலர் நம் ஆள்கள்தாம். ஒரு வீட்டை எடுத்து, ஹாலுக்கு நடுவே திரை போட்டு, ஊரிலிருந்து வரும் பிள்ளைகளை ஆறு பேராக அடைத்து, ஆளுக்கு ஆள் கமிஷன் பார்ப்பவர்கள். கேட்டால், "நான் இல்லையென்றால் இந்தப் பையன்கள் தெருவில்தான் நிற்பார்கள்" என்பார்கள். இருபது வருடம் முன்பு எங்கள் முதலாளியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், என்ன, ஆங்கிலத்தில் சொன்னார்.

இன்னொரு வகையும் உண்டு. வந்து பதினைந்து வருடமாகியும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள். வாரக் கடைசியில் கிளாஸ்கோ, விடுமுறையில் லண்டன், டிசம்பரில் சென்னை. பெய்ஸ்லி அவர்களுக்குத் தூங்குகிற இடம். "செத்த ஊர்" என்று விருந்துகளில் சொல்வார்கள். கடைவீதியில் மூடிய கடைகள் அதிகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் என்ன செய்கிறது என்று அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன் என்றால், அதற்குக் காரணம் படிக்கட்டு.

பழைய கல் கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் பொதுவான வாசலும் படிக்கட்டும் உண்டு. அதற்கு இங்கே 'க்ளோஸ்' என்று பெயர். பிப்ரவரியில் ஒருநாள் இரவு ஷிப்டு முடித்து வருகிறேன், எங்கள் கதவுக் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குகிறது. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என்று நினைத்து மூவரும் நடுங்கிப்போனோம். மேல் வீட்டுப் பாட்டி இறங்கிவந்து பெரிய குரலில் விளக்கினார். படிக்கட்டு கழுவுவது இந்த வாரம் எங்கள் முறை. கழுவிவிட்டு அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். வாளியும் தரை துடைக்கும் துணியும் அவரே கொடுத்தார். ஊரில் மார்கழி விடியலில் வாசல் தெளித்த கை. நான் கழுவியதைக் கடைசிப் படி வரைக்கும் நின்று பார்த்தார். மறுநாளிலிருந்து தான் படித்து முடித்த உள்ளூர்ச் செய்தித்தாளை மடித்து எங்கள் கதவின் தபால் துளையில் செருகத் தொடங்கினார்.

என் ஆங்கிலம், நான் நினைத்தது போல, மோசமில்லை. ஆனால் அது பெய்ஸ்லி ஆங்கிலமில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி, மகள் "மெசேஜஸ்" வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார். யாரிடமிருந்து என்ன செய்தி என்று நான் பதறினேன். மளிகைச் சாமான் வாங்கப் போவதற்கு இங்கே அதுதான் சொல். "எங்கே ஸ்டே பண்ணுகிறாய்?" என்றால் வீடு எங்கே என்று அர்த்தம், நான் "தற்காலிகமாக இல்லை, நிரந்தரமாக வந்திருக்கிறேன்" என்று விறைப்பாகப் பதில் சொன்னேன். முகம் வெளுத்திருந்தால் "பீலி வாலி". இதெல்லாம் எந்தத் தேர்விலும் வரவில்லை. செய்தித்தாளும் படிக்கட்டும்தான் சொல்லிக்கொடுத்தன.

செய்தித்தாளில் மேல் வீட்டுப் பாட்டி முதலில் திறப்பது மரண அறிவிப்புப் பக்கம். எங்கள் அப்பாவும் அப்படித்தான். அடுத்து செயின்ட் மிரன் கால்பந்து அணி எப்படித் தோற்றது என்று. அதற்கப்புறம் குப்பை எடுக்காதது, பேருந்து நேரம் மாற்றியது, எந்த ஆலைக் கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிறது. நானும் அதே வரிசையில் படிக்கப் பழகினேன். 2017 டிசம்பரில் பிரிட்டனின் கலாசார நகரப் போட்டியில் எங்கள் ஊர் கவன்ட்ரியிடம் தோற்றபோது வார்டில் யாரும் சரியாகப் பேசவில்லை, நான் உட்பட. 2023இல் டவுன் ஹாலைப் புதுப்பித்துத் திறந்தபோது வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்த்தேன். உங்கள் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் 1928இல் ஒரு பெண் குடித்த இஞ்சி பீர் பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு போட்டார்; ஊரில் உங்களுக்குச் சட்டம் படிக்கிற நண்பர்கள் இருந்தால் கேளுங்கள், முதல் வருடமே மனப்பாடம் செய்திருப்பார்கள். சேலைக்கரையில் நாம் மாங்காய் என்று சொல்கிற டிசைனுக்கு ஆங்கிலத்தில் இந்த ஊர்ப் பெயர்தான். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து இவர்கள் நெய்தது. பெயர் மட்டும் இவர்களுக்கு.

பாட்டி பதினைந்து வயதில் ஆங்கர் நூல் ஆலையில் சேர்ந்தவர். ஒருநாள் பொத்தான் தைக்க நூல் கேட்டுப் போனேன். பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே வரிசையாக நூற்கண்டுகள், தலையில் வட்ட லேபிள், அதில் நங்கூரம். நான் கையில் எடுத்து அப்படியே நின்றுவிட்டேன். என் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம், தம்பி. பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கிய ஆலையில்தான் எங்கள் தெருவே சாப்பிட்டது. அதே ஹார்விகளின் தூத்துக்குடிக் கோரல் ஆலையில்தான் 1908இல் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்தினார். ஹார்விகளின் கம்பெனி 1974இல், ஆங்கர் ஆலையை வைத்திருந்த பெய்ஸ்லிக் கோட்ஸ் நூல் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. அந்த நங்கூரம் எங்கள் வீட்டுத் தையல் பெட்டியிலும் கிடந்தது. ஆங்கர் இங்கே மூடி, பாட்டி வீட்டுக்குப் போனபோதும் எங்கள் ஊரில் சங்கு ஊதிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். "அப்படியா, இங்கேயிருந்து போனது அங்கேதானா" என்றார். கோபமா கேலியா தெரியவில்லை.

பாட்டி ஏன் அவ்வளவு உரக்கப் பேசினார் என்று அன்றுதான் புரிந்தது. எந்திரச் சத்தத்தில் காது போனவர். ஆலைப் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள் என்று செய்து காட்டினார். அப்பாவும் வீட்டில் சண்டை போடுவது போலத்தான் பேசுவார், பாதி கையால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அட்டை வாங்கி, பாட்டி வீட்டுப் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது; பாட்டியின் ஆங்கிலம் எனக்கே வராது. "பாபின்!" என்றார் இவர். அங்கேயிருந்து "பாபின், பாபின்! டபுளிங்! ஸ்பிண்டில்!" என்று அப்பா கத்தியது அறைக்கு வெளியே கேட்டது. இவர் பதிலுக்கு இன்னும் சத்தமாக எந்திரப் பெயர்களாகச் சொல்கிறார். இரண்டு செவிட்டு ஆலைத் தொழிலாளிகள். அட்டையில் இருந்த பணம் முழுக்கத் தீர்ந்தது; மூன்று வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வாடகை எவ்வளவு என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது, பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, கிடையாது. ஒருவர் மாணவராக இல்லாமல் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் பில் வரும். விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. "கையில் கொடுக்கிறேன், கணக்கில் வராது" என்பவர்கள் அந்த அறை அண்ணனின் சொந்தக்காரர்கள். 22 வயதுக்குக் கீழே என்றால் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பஸ் இலவசம். கோயில் கிளாஸ்கோவில் இருக்கிறது, ரயிலில் கால் மணி நேரத்தில் கிளாஸ்கோ.

நர்ஸாக ஒன்று. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, மாலை நாலுக்கு முன்பே இருட்டிவிடும். வந்த நாளிலிருந்தே வைட்டமின் டி தினமும் 10 மைக்ரோகிராம் எடுங்கள். நம் தோலுக்கு இந்த ஊர் வெயில் கோடையிலும் போதாது. டாக்டர் எழுதும் மருந்துக்கு ஸ்காட்லாந்தில் பணம் வாங்குவதில்லை, ஆனால் முதல் வாரமே கிளினிக்கில் பதிவு செய்ய வேண்டும். உடம்புக்கு வந்தபிறகு ஓடாதீர்கள்.

ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தொப்பி வைத்ததாகப் பார்த்து. குடை எடுத்துவரவே வேண்டாம். இந்தக் காற்று முதல் வாரத்திலேயே அதை மடக்கிக் கையில் கொடுத்துவிடும்.