கோழி வாங்குவதற்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிதாகக் கோழி வளர்க்க இறங்கியவர்கள் எழுதியவை. கூண்டு தயாராவதற்கு முன்பே கோழியை வாங்கிவிட்டவர்கள் அதில் நான்கு பேர். கூண்டுதான் முதலில், கோழி அப்புறம்.

சேவல் இல்லாமல் பெட்டைக்கோழி முட்டையிடுமா?

இடும். அந்த முட்டையில் குஞ்சு வராது, அவ்வளவுதான்.

வீட்டின் பின்னால் பத்துக்குப் பத்தடி இடம் இருக்கிறது. எத்தனை கோழி வைக்கலாம்?

இரவு அடையும் கூண்டில் கோழிக்கு 4 சதுர அடி, பகலில் திரிய 10 சதுர அடி. கணக்குப்படி ஏழு வரும். நான்கோடு ஆரம்பியுங்கள். ஒற்றைக் கோழி மட்டும் வேண்டாம், அது கூட்டமாக வாழும் பிராணி. கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலை போடுங்கள். அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது, கடித்தே கிழித்துவிடும். மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி தரையை உயர்த்திக் கட்டுங்கள். ஈரத்தரையைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்லப்போகிறேன்.

கோழி முட்டையிடவில்லை. என்ன செய்வது?

கடிதம் இவ்வளவுதான். கோழிக்கு என்ன வயது, என்ன தீவனம், இதற்கு முன் இட்டதா, இறகு கொட்டுகிறதா, எதுவும் இல்லை. இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? ஐந்தாறு மாதம் ஆகாத வெடைக்கோழி என்றால் பொறுங்கள். இறகு உதிர்க்கிறது என்றால் இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும், அது இயற்கை. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைந்தாலும் முட்டை குறையும். அடை படுத்திருக்கிறதா என்று பாருங்கள். புதர் மறைவில் ஒளித்து இடுகிறதா என்றும் பாருங்கள். அடுத்த முறை முழு விவரத்தோடு எழுதுங்கள்.

என்னிடம் ஐந்து கோழிகள் உள்ளன. போன வாரம் இன்னும் இரண்டு வாங்கி அவற்றோடு விட்டேன். இப்போது ஒன்று தும்முகிறது, இன்னொன்றுக்குக் கண்ணில் நுரை. என்ன மருந்து கொடுக்கலாம்?

இந்தக் கடிதம் ஆள் மாறி ஆள் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

புதுக் கோழியை வாங்கிய அன்றே பழைய கோழிகளோடு விடாதீர்கள். 30 நாள் தனியாக வையுங்கள். "பார்க்க நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். மூச்சுக்குழாய் நோய்க்கிருமியைச் சுமக்கும் கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இடம் மாறிய அலைச்சலில் உடல் தளர்ந்ததும் நோய் வெளியே வரும். ஆரம்ப காலத்தில் நானும் இரண்டு அழகான பெட்டைகளை வாங்கி வந்த மாலையே கூட்டத்தில் சேர்த்தேன். மூன்று வாரத்தில் எட்டுக் கோழிகள் போயின. என் மகள் பெயர் வைத்து வளர்த்தவை.

தனி இடம் என்றால் ஒரே கூண்டுக்குள் நடுவே தடுப்பு வைப்பதல்ல. முடிந்த அளவு தள்ளி, தனித் தீவனத்தட்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுப் புதியவற்றிடம் போங்கள். திரும்பும்போது கை கழுவி, செருப்பை மாற்றுங்கள். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கமும் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் கடந்தபின் ஒரு வாரம் வலைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக விட்டுப் பழக்குங்கள். பிறகு இருட்டியதும் பழைய கோழிகள் அடையும் பரணில் ஏற்றிவிட்டால் காலையில் கொத்துச்சண்டை குறைவாக இருக்கும்.

உங்களுக்கு இப்போது சொல்வது: தும்முவதையும் கண் நுரைத்ததையும் உடனே பிரியுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக்கை உத்தேசமாகத் தண்ணீரில் கலக்காதீர்கள். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் தொட்டு அறுத்துப் பார்க்க வேண்டாம், கால்நடை மருத்துவருக்கு உடனே தகவல் கொடுங்கள்.

குஞ்சுகளுக்கு பல்பை எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்?

குஞ்சைப் பார்த்துத்தான் உயரம். பல்புக்குக் கீழே ஒட்டி நெருங்கினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். ஐந்தாறு வாரத்தில் இறகு முளைத்துவிடும். பல்பைச் சங்கிலியால் கட்டுங்கள், தரையில் பரப்பிய கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். வெறும் செய்தித்தாளை விரித்தால் கால் வழுக்கிக் குஞ்சு ஊனமாகும். கூளம் நனைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்: இரத்தக் கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும்.

முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுக்கும் போடலாமா?

கூடாது. அதில் சுண்ணாம்புச்சத்து 4 சதவீதம் அளவில் இருக்கும், குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். முட்டையிடும் பருவம் வந்தபின் மாற்றுங்கள்.

வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டை மட்டும் போட்டு வளர்க்க முடியுமா?

முட்டை எதிர்பார்த்தால் முடியாது. முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு நூறு நூற்றிருபது கிராம் சரியான தீவனம் வேண்டும். மிச்சம் மீதி அதில் பத்தில் ஒரு பங்கு. உப்பு மிகுந்ததும் பூஞ்சை பிடித்ததும் வேண்டவே வேண்டாம்.

வெள்ளைக் கழிச்சல் வந்தபின் என்ன கொடுத்தால் பிழைக்கும்?

இது வைரஸ் நோய், அந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி, அதுவும் குளிர் குறையாமல் எடுத்து வந்தது. நோயுற்ற கோழிக்குப் போடாதீர்கள்.

என் மூன்று வயதுக் குழந்தை குஞ்சுக்கு முத்தம் கொடுக்கிறாள். பரவாயில்லையா?

கூடாது. ஆரோக்கியமான குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். முகத்தருகே கொண்டு போக விடாதீர்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கோழி தன் முட்டையையே கொத்தித் தின்கிறது.

நாளைக்கு இரண்டு மூன்று முறை முட்டையை எடுத்துவிடுங்கள். நான்கு கோழிக்கு முட்டையிட ஒரு பெட்டி, சற்று இருட்டாக, அடியில் காய்ந்த வைக்கோல். தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள். ஓடு தடித்தால் உடைவது குறையும்.