முயல் பேசுகிறதா, மொழிபெயர்ப்பு பேசுகிறதா?

கேள்வி: பையன் மூன்றாம் வகுப்பு. படத்துக்கு நாலு வரி இருக்கிற புத்தகமெல்லாம் சலித்துவிட்டதாம். யானையும் முயலும் பேசுகிற, அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற பெரிய கதை வேண்டும் என்கிறான். போன வருடம் புத்தகத் திருவிழாவில் 10 புத்தகம் கொண்ட செட் ஒன்று வாங்கினேனுங்க. ஒரே சாயங்காலத்தில் பத்தையும் முடித்துவிட்டான். எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முடிக்காமல் என்ன செய்வான்? அந்த மாதிரி செட்டில் பெரும்பாலும் புத்தகத்துக்கு 16 பக்கம், அதில் பாதி படம், நடுவில் இரண்டு பின். பத்தையும் அடுக்கினால்தான் ஒரு புத்தகத்தின் கனம் வரும். பெட்டி பளபளப்பாக இருப்பதால் நமக்குத்தான் தெரிவதில்லை.

முதலில் கடையில் சரியான பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘சேப்டர் புக்’ என்றால் இங்கிலீஷ் அலமாரிக்குக் கை காட்டுவார்கள். தமிழில் இதற்குப் பெயர் ‘சிறார் நாவல்’. ‘சிறுவர் கதைகள்’ என்று பொதுவாகக் கேட்டால் நீதிக்கதைத் தொகுப்புதான் கைக்கு வரும். அதில் நரி இரண்டாம் பக்கத்தில் ஏமாற்றும், மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். உங்கள் பையன் கேட்பது, ஒரே நரியோடு பத்து நாள் இருக்கிற கதை.

அடுத்து, அட்டையையும் பின்பக்கக் குறிப்பையும் விட்டுவிட்டு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, விலங்குகள் பேசிக்கொள்கிற இடமாகப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற மாதிரிதான் இது. “ஓ, என் அன்பு நண்பனே! உன்னைக் காண்பதில் நான் மிக்க மகிழ்ச்சி அடைகிறேன்” என்று முயல் சொன்னால், அது முற்றல். “எங்கே ஆளையே காணோம்? மழைக்குப் பயந்து வளைக்குள்ளேயே கிடந்தாயா?” என்று கேட்டால் வாங்கலாம். வெளிநாட்டுக் கதையாக இருக்கட்டும், உள்ளூர்க் கதையாக இருக்கட்டும், முயலுக்கு வாய் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு என்றால் எனக்கு இன்னொரு சோதனை உண்டு. ஐரோப்பியக் கதைகளில் ஹெட்ஜ்ஹாக் என்றொரு பிராணி அடிக்கடி வரும். இரண்டு கையில் அடங்குகிற அளவு, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இதைப் பல புத்தகங்களில் ‘முள்ளம்பன்றி’ என்று போட்டிருப்பார்கள். முள்ளம்பன்றி எங்கே, இது எங்கே! படத்தில் எலி அளவுக்கு இருப்பது எழுத்தில் பன்றியாக வந்தால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? சரியான பெயர் ‘முள்ளெலி’. அதன் உறவுக்காரன் நம் பக்கத்து வறண்ட காடுகளிலேயே உண்டு. காங்கேயம், பல்லடம் பக்கம் மேட்டாங்காட்டிலும் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலி ஓரத்திலும் பார்த்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுக் கொடுத்த காலமும் இருந்தது (இப்போது யாரும் அந்த வேலைக்குப் போக வேண்டாம்). ‘முள்ளெலி’ என்று எழுதத் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை மற்ற பக்கங்களுக்கும் நம்பலாம்.

அச்சு விஷயம் சுருக்கமாக: எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளியோடு இருக்க வேண்டும். ஒரு அத்தியாயம் ஐந்தாறு பக்கத்துக்குள் முடிந்தால் தூங்குவதற்குள் படித்துவிடலாம். எடுத்த எடுப்பில் 200 பக்கத்துக்குப் போக வேண்டாம், அறுபது எழுபது பக்கம் போதும்.

கோவையில் கொடிசியா வளாகத்தில் ஜூலையிலும், ஈரோட்டில் ஆகஸ்டிலும் புத்தகத் திருவிழா நடப்பது வழக்கம். ஈரோட்டில் 2005 முதல் நடக்கிறது. 10 சதவீதத் தள்ளுபடி எல்லா அரங்கிலும் பொதுவாகக் கிடைக்கும். வார நாளில், மதியமே போய்விடுங்கள். ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் நின்று வாய்விட்டுப் படித்துப் பார்க்க முடியாது.

கேள்வி: மகளுக்கு வாங்கிய அணில் கதையில் 32-ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடியும் 17 வருகிறது. 33 முதல் 48 வரை இல்லவே இல்லை. கடைக்காரர் பில்லைக் காட்டி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறதே என்கிறார்.
– திருப்பூர்

பதில்: அணில் மேல் தப்பில்லை, பைண்டிங் செய்தவர் ஒரே பாரத்தை இரண்டு முறை வைத்துவிட்டார். பாரம் என்பது அச்சடித்து மடித்த ஒரு தாள், 16 பக்கம் ஒரு பாரம், அதனால்தான் கணக்கு அவ்வளவு சரியாக வருகிறது. பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. அந்த நாளுக்குள் பில்லோடு போய், நல்ல பிரதி கொடுங்கள், இல்லை பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகுமுன் பதிப்பகத்துக்கே ஒரு போன் போடுவது நல்லது. அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால், பெரும்பாலான பதிப்பகங்கள் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிடும். எதற்கும் மசியாவிட்டால் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ‘ஜங்கிள் புக்’ ஆன்லைனில் 80 ரூபாய்க்கும் இருக்கிறது, 400-க்கும் இருக்கிறது. ‘முழுமையானது’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினால் 48 பக்கம்தான் வந்தது.
– பொள்ளாச்சி

பதில்: கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட புத்தகம். அவர் இறந்தது 1936-இல். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், சுருக்கலாம், மாற்றி எழுதலாம். விலை வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான். மூலத்தில் ஏழு கதைகள் உண்டு. மௌக்லி வருவது மூன்றில்தான். பொருளடக்கத்தில் வெள்ளைக் கடல்நாயும் கீரிப்பிள்ளையும் இல்லையென்றால் அது முழுப் புத்தகம் இல்லை. சுருக்கமாக இருப்பதில் குற்றமில்லை, மூன்றாம் வகுப்புக்கு அதுவே தோது. ‘சுருக்கம்’ என்று சொல்லாமல் விற்றதுதான் குற்றம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். ‘முழுமையானது’ என்ற வார்த்தை தெரிகிற மாதிரி அந்த விளம்பரத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: எலி பத்திரிகையாளராக வருகிற ‘ஜெரோனிமோ ஸ்டில்டன்’ இங்கிலீஷ் தொடர், ரோட்டோரத்தில் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமுங்களா?
– உடுமலை

பதில்: வளைந்து நெளிந்து, கலர் கலராக எழுத்து வருவதுதான் அந்தத் தொடரின் அழகு. நடைபாதைப் பிரதியில் அந்த எழுத்து மங்கி, நிறம் வெளிறி, ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் திருட்டுப் பதிப்பு என்று சந்தேகப்படுங்கள். பதிப்பாளர் விவரப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள) எண்ணும் பின் அட்டையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 978 என்று தொடங்கும். ஆனால் திருட்டுப் பதிப்பு வேறு, பழைய புத்தகம் வேறு. யாரோ படித்து முடித்த அசல் பிரதி, உள்ளே இன்னொரு குழந்தையின் பெயர் பென்சிலில் எழுதியிருந்தால், தாராளமாக வாங்குங்கள். எங்கள் வீட்டில் பாதி அலமாரி அப்படி வந்ததுதான்.

கேள்வி: பேரனுக்குக் காசு கொடுத்தே வாங்கணுமா, அப்புச்சிக்கு வேற வழி இருக்குதுங்களா?
– காங்கேயம்

பதில்: இருக்குதுங்க. கிளை நூலகத்தில் பேரன் பெயரிலேயே ஒரு கார்டு போட்டுவிடுங்கள். போனில் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைத் திறந்தால் தமிழ்க் கதைகள் இலவசம். பிரதம் புக்ஸ் நடத்துவது, நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், நீளமான கதைகள் நான்காம் நிலையில். அதுவும் தீர்ந்துவிட்டால், உங்கள் பட்டியில் நிற்கிற காளைக்கு ஒரு பெயர் வைத்து நீங்களே ஆரம்பித்துவிடுங்கள், நாளுக்கு ஒரு அத்தியாயம்.

கேள்வி: கதைப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்தார்கள். சரியா?
– கரூர்

பதில்: சரியில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. குழந்தைகளுக்கான படப் புத்தகம், வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் கிடையாது. கூட வைத்து விற்ற பொம்மைக்கு உண்டு, அதைத் தனியாகப் பில் போடச் சொல்லுங்கள்.